பாக்கெட்டுக்குள் ஒரு சிப்பாய்

அந்த அட்டை முதலில் படத்துக்காக வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகித உறையில்தான் விற்றது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஒரு இடி வாங்கினால் உள்ளே இருக்கும் பத்தும் காலி. உறை விறைப்பாக நிற்பதற்காக ஒரு கெட்டி அட்டைத் துண்டைச் செருகினார்கள். நம்மூரில் புதுச் சட்டை மடிப்புக்குள் அட்டை வைப்பார்களே, அதே வேலைதான். வெறும் அட்டையை ஏன் விடுவானேன் என்று கம்பெனி பெயரை அச்சடித்தார்கள், பிறகு படம் போட்டார்கள். நடிகைகள், பறவைகள், கொடிகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள். அப்புறம் சிப்பாய்கள். நிறைய சிப்பாய்கள்.

நியூயார்க்கின் கின்னி டொபாக்கோ கம்பெனி 1880களின் பிற்பகுதியில் 'ஸ்வீட் கேப்பொரல்' சிகரெட்டோடு கொடுத்த ராணுவ வரிசையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட அட்டைகள். சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சின்னது ஒவ்வொன்றும். நாலு சென்டிமீட்டர் அகலம், ஏழு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதற்குள் ஒரு ஆள், முழுச் சீருடையில். இறகு வைத்த தொப்பி, தங்கச் சரிகை, பளபளக்கும் பூட்ஸ். கீழே பதவி, படைப்பிரிவு, நாடு, சிலவற்றில் 1886 என்று ஆண்டு. அவ்வளவுதான். பெயர் கிடையாது.

சிகரெட்டின் பெயரிலேயே ஒரு சிப்பாய் ஒளிந்திருக்கிறான் என்பதை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். 'கப்பொரால்' என்றால் பிரெஞ்சில் கார்ப்பொரல், நம் பேச்சில் நாயக். சாதா சிப்பாய்க்குக் கிடைக்கும் புகையிலையைவிட ஒரு படி உசத்தியான புகையிலைக்கு அங்கே அந்தப் பெயர். ஒரே ஒரு படி. கர்னல் புகையிலை என்று வைத்திருந்தால் வாங்குகிறவன் நம்பியிருக்க மாட்டான்.

இந்த வரிசைக்கு என் 224 என்று ஒரு எண் உண்டு. ('என்' என்பது ஆங்கில எழுத்து. தமிழில் எழுதினால் ஏதோ என்னுடையது மாதிரி ஆகிவிடுகிறது.) எண் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். சிராக்யூஸ் நகரில் மின்சாதன உதிரிபாகங்களைப் பொருத்தும் தொழிலாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கிப்போனவர். உலகம் குப்பை என்று தூக்கிப்போட்ட அச்சுத் துண்டுகளை வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, 1939-ல் அவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ஒரு எழுத்து, இருபதாம் நூற்றாண்டுக்கு வேறு எழுத்து, பிறகு வரிசை எண். டேட்டாபேஸ் வடிவமைக்கிற எவனும் எழுந்து கும்பிடுவான். அந்த எண்கள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே வந்து உட்கார்ந்து, அந்த விரல்களால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

அவர் ஒட்டிய அட்டைகளைத்தான் அருங்காட்சியகத்தின் தளத்தில் நான் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் ஆபீஸ் வேலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

அமெரிக்க சிகரெட் வியாபாரமே ஒரு போரிலிருந்து முளைத்தது என்பது தெரிந்தால் இந்த அட்டைகளைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

1865 ஏப்ரல். உள்நாட்டுப் போர் முடிகிற நேரம். வட கரோலினாவில் டர்ஹாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பென்னெட் என்கிற விவசாயியின் வீட்டில் வடக்கின் ஷெர்மனும் தெற்கின் ஜான்ஸ்டனும் சரணடைவு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நாட்கணக்கில் இழுக்கிறது. இரு தரப்புச் சிப்பாய்களும் வேலையில்லாமல் சுற்றுகிறார்கள். பக்கத்தில் ஜான் கிரீன் என்பவரின் புகையிலைக் கிடங்கு. கொள்ளையடித்துக் காலி பண்ணிவிட்டார்கள். கிரீனின் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிய அதே சிப்பாய்கள், அந்தப் புகையிலை இன்னும் கிடைக்குமா என்று கேட்டுக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். 'புல் டர்ஹாம்' என்ற பிராண்ட் அப்படி வளர்ந்ததுதான். நாலு வருடம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே கடைக்கு வாடிக்கையாளர் ஆனார்கள்.

அதே வட்டாரத்தில் வாஷிங்டன் டியூக் என்ற விவசாயி. தெற்குப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுப் பிடிபட்டவர். விடுதலையானதும் நூறு மைலுக்கு மேல் நடந்தே வீடு வந்து, மிச்சமிருந்த புகையிலையை இடித்துப் பையில் கட்டி விற்றார். அவர் மகன் ஜேம்ஸ் புக்கானன் டியூக்தான் பின்னால் உலகத்தின் சிகரெட் ராஜா. ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனியின் லூயிஸ் ஜின்டரும் போரில் இருந்தவர், தெற்குப் படையின் உணவு வழங்கல் அதிகாரி. அந்தக் கம்பெனி வெளியிட்ட அட்டை வரிசைகளில் 'எல்லா நாட்டு ஆயுதங்கள்' ஒன்று, 'மாபெரும் தளபதிகள்' ஒன்று, 'கடற்படைக் கொடிகள்' ஒன்று. டியூக் கம்பெனி 1888-ல் ஒரு படி மேலே போய், உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் வாழ்க்கை வரலாற்றைக் குட்டிக் குட்டிப் புத்தகங்களாக அச்சிட்டது. இரு தரப்புத் தளபதிகளும் ஒரே வரிசையில். எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டாய் என்று அது கேட்பதில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரம் அளவில் கறுப்பினத்தவர் அந்தப் போரில் வடக்குப் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள். எதற்காகப் போர் நடந்தது என்ற கேள்வி ஒரு குட்டிப் புத்தகத்துக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. அடங்கினாலும் தெற்கில் வியாபாரம் படுத்துவிடும்.

*

சிகரெட்டைக் கையால் சுருட்டிக்கொண்டிருந்த காலம். நன்றாகப் பழகிய கை நிமிடத்துக்கு நாலு சுருட்டும். ரிச்மண்டில் நூற்றுக்கணக்கான இளம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டினார்கள். ஆலன் அண்ட் ஜின்டர் ஒரு நல்ல இயந்திரத்துக்கு 75,000 டாலர் பரிசு அறிவித்தது. ஜேம்ஸ் பான்சாக் என்ற பையன் கல்லூரியை விட்டுவிட்டு அதில் இறங்கி, 21 வயதில், 1881-ல் காப்புரிமை வாங்கினான். அவனுடைய இயந்திரம் பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட் தரும். ஆலன் அண்ட் ஜின்டர் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. டியூக் எடுத்துக்கொண்டார், 1884-ல் ஓட வைத்தார்.

கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 200. அதே 1884-ல் ஹிராம் மாக்சிம் லண்டனில் தன் இயந்திரத் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தார், நிமிடத்துக்கு 600 குண்டு. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்ஜினியரிங் படித்த மண்டை இந்த மாதிரி எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் விடாது.

நிமிடத்துக்கு 200 வந்து விழுந்தால் வாங்குவதற்கு ஆள் வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய அமெரிக்க ஆண் புகையிலையை மென்றான், பைப்பில் அடைத்தான், சுருட்டு பிடித்தான். சிகரெட் என்றால் மைனர்த்தனம், பெண்தனம், பொடியன்கள் சமாச்சாரம் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை வாதாடி ஜெயிக்க முடியாது. பாக்கெட்டுக்குள் ஒரு குதிரைப்படை வீரனை வைத்துவிட்டால் வாதாட வேண்டிய தேவையே இல்லை. 1889-ல் டியூக் விளம்பரத்துக்குச் செலவிட்டது எட்டு லட்சம் டாலர் என்கிறார்கள். அட்டைகளும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அச்சும் கைகொடுத்தது. குரோமோலித்தோகிராஃபி என்பது கல்லச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, தோலின் நிறத்துக்கு ஒன்று என்று ஒரே தாளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரு மயிரிழை பிசகினால் பொத்தான் கோட்டை விட்டு வெளியே போய்விடும். வீட்டில் தொங்கவிட ஒரு வண்ணப்படம் வாங்குவதே செலவு என்றிருந்த குடும்பங்களுக்கு இது ஓசியில் வந்தது.

அந்த வண்ணம் இன்னொரு காரணத்தாலும் என்னை உறுத்துகிறது. அட்டைகளில் 1886 என்று போட்டிருப்பதைச் சொன்னேன். அதே வருடம் பிரான்ஸ் புகையில்லா வெடிமருந்தில் சுடும் லெபெல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதுவரை நாலு ரவுண்டு சுட்டால் மைதானமே புகைமூட்டம். யார் நம்மாள் என்று தெரிய சிவப்புக் கோட்டு உதவியது. புகை போய்விட்டால் சிவப்புக் கோட்டு என்பது குறிபார்க்க வசதியான இலக்கு, வேறொன்றுமில்லை. பிரிட்டிஷ்காரர்கள் சிவப்புக் கோட்டில் பெரிய சண்டை போட்டது 1885 டிசம்பரில் சூடானின் ஜின்னிஸ் என்ற இடத்தில்தான் கடைசி. அதன்பின் காக்கி. இந்தியப் புழுதியிலிருந்து போன சொல், போன நிறம். ஆக, சீருடையின் நிறங்கள் போர்க்களத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் குடியேறின.

கின்னி வரிசையில் அமெரிக்க மாநிலக் காவற்படைகளும் உண்டு. அந்தக் காலத்தில் இவை பாதி படை, பாதி கிளப். நியூயார்க்கின் 7-வது ரெஜிமென்ட் பார்க் அவென்யூவில் அரண்மனை மாதிரி ஒரு கட்டடம் கட்டி 1880-ல் திறந்தது. அணிவகுப்பு, பேண்டு வாத்தியம், இறகுத் தொப்பி. அதே காவற்படைகள்தான் 1877 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இறக்கப்பட்டன. பிட்ஸ்பர்க்கில் ஜூலை 21-ஆம் தேதி கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் இருபது பேர் அளவில் செத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சீருடை சிகரெட்டோடு கிடைத்தது. அதை வாங்கிப் புகைத்தவர்களில் ரயில்வே தொழிலாளிகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்.

*

இப்போது ஆபீஸ் விஷயம். நான் வேலை பார்த்த ஒரு பணப் பரிமாற்றச் செயலியில் சுதந்திர தினத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் ஒரு டிஜிட்டல் அட்டை. அட்டையில் ஒரு ராணுவ வீரர். ஐம்பது அட்டை சேர்த்தால் பரிசு. எந்த அட்டை எத்தனை சதவீதம் விழவேண்டும் என்ற பட்டியல் எழுதுவது என் தலையில் விழுந்தது. "கடைசி அஞ்சு கார்டு கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்றார்கள். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று தேடப் போய்த்தான் கின்னியின் சிப்பாய்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஆலன் அண்ட் ஜின்டர் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் உள்ள ஐம்பது பெயரும் அங்கே அச்சாகியிருக்கும். கையில் ஒன்றுதான் இருக்கிறது, இல்லாத நாற்பத்தொன்பதின் பட்டியல் அதன் முதுகிலேயே இருக்கிறது. கூப்பன் சேர்த்து அனுப்பினால் அழகான ஆல்பம் தருவார்கள். நம் திரையில் 'உங்களிடம் 1/50' என்று காட்டுகிறோமே, அதற்கு நூற்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது.

ஐம்பது அட்டையும் சமமாக, குலுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் முழுவதும் சேர்க்க சராசரியாக 225 பாக்கெட் வாங்க வேண்டும். பாதி செட் 34-35 பாக்கெட்டிலேயே சேர்ந்துவிடும், அதுதான் ருசி காட்டும் இடம். கடைசி ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் சராசரியாக ஐம்பது பாக்கெட். கின்னியின் அறுநூறுக்கு இதே கணக்கைப் போட்டால் நாலாயிரத்து இருநூறு பாக்கெட் பக்கம் வருகிறது. தினம் பத்து சிகரெட் பாக்கெட் ஒன்று என்றால் பதினொன்றரை வருடம். தனியாளாக எவனும் முடிக்க முடியாது. அதனால் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரனும் அதே பிராண்டைப் பிடிக்க வேண்டும். பையன்கள் கடை வாசலில் நின்று போகிற வருகிற பெரியவர்களிடம் அட்டை கேட்டார்கள். கேட்டுக் கிடைக்காதவர்கள் வாங்கினார்கள்.

எங்கள் தலைமுறைக்கு இது பிக் ஃபன் பபுள்கம்மில் ரன்னும் விக்கெட்டுமாக வந்தது. அப்பா தலைமுறையில் சிகரெட் பாக்கெட்டின் அட்டையையே கிழித்து, பிராண்டுக்கு ஒரு மதிப்பு வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆக, அந்தக் கை அரிப்பு எனக்கும் தெரியும். ஸ்வீட் கேப்பொரல் அட்டைகளைப் பார்த்த இரவுகளில், ஒரு காசு செலவில்லாமல், அடுத்தது அடுத்தது என்று நான் போய்க்கொண்டிருந்தது ஆராய்ச்சி ஆர்வத்தால் மட்டும் இல்லை.

எழுபது தடவைக்கு மேல் முயன்றவருக்கு இல்லாத அட்டை கட்டாயம் விழவேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துத்தான் பட்டியலைக் கொடுத்தேன். இரண்டு கூட்டம் அதற்கே போனது. கடைசியில் ராணுவப் படங்களைப் பயன்படுத்த அனுமதி வாங்குவது தலைவலி என்று சட்டப் பிரிவு சொல்லி, திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் 15-க்கு மூவர்ணப் பட்டம் பறந்தது.

*

என் மாமா வேலூர் பக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு அறுபத்தாறு வயதாகியும் பழைய ஆட்கள் போன் பண்ணினால் தம்பிதான். மூச்சிரைப்பு நோய். இன்ஹேலரை பனியனுக்கு மேலே ஒரு நூலில் தொங்கவிட்டிருப்பார், விசில் மாதிரி.

அவருக்கு லேப்டாப்பில் கின்னி வரிசையைக் காட்டினேன். அவர் கோபப்படுவார் என்றோ, போர் இப்படி இருக்காது என்று ஏதாவது சொல்வார் என்றோ ஒரு எதிர்பார்ப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பெருசு பண்ணு பெருசு பண்ணு" என்று பெல்ட் பக்கிளை எண்ணினார். ஒருவனைப் பார்த்து, "இவனுக்கு வாள் தொங்கற லட்சணம் சரியில்ல, நடந்தா கால்ல அடிக்கும்" என்றார். இன்னொருவனுக்கு பூட்ஸ் நல்லா இருக்கிறது. எல்லாம் பரேடு டிரெஸ், இதைப் போட்டுக்கொண்டு பள்ளம் தோண்ட முடியாது என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார். சாப்பர்ஸ் என்றால் பாதி வேலை பள்ளம் தோண்டுவது.

"பேரு போடலியா மாப்ள?"

"தளபதிங்களுக்குப் போட்டிருக்காங்க மாமா. இவங்களுக்கு இல்ல."

"ம்" என்றார். அடுத்த அட்டைக்குப் போகச் சொன்னார்.

சிகரெட்டை விற்க இந்தப் படங்களைக் கொடுத்தார்கள் என்று விளக்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு யாரும் அட்டை குடுக்கல. பெங்களூர்ல ட்ரெய்னிங்ல பக்கத்துக் கட்டில்காரன் குடுத்தான். பத்தொம்பது வயசு. ராத்திரி சென்ட்ரிக்கு நிக்கிறப்ப கையில சூடா ஒண்ணு இருக்கணும்ல." சொல்லி முடிக்கும்போது மூச்சு வாங்கியது. இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அழுத்தினார், பத்து எண்ணும்வரை பிடித்து வைத்துக்கொண்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் அட்டைகள் 1890-க்குப் பிறகு மெல்லக் குறைந்தன. டியூக், கின்னி, ஆலன் அண்ட் ஜின்டர் உள்பட ஐந்து கம்பெனிகள் அந்த வருடம் அமெரிக்கன் டொபாக்கோ என்று ஒன்றாகி, நாட்டின் சிகரெட்டில் தொண்ணூறு சதவீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டன. போட்டியாளன் இல்லாத கடையில் இலவசம் எதற்கு? 1918-ல் அமெரிக்க ராணுவம் சிப்பாயின் அன்றாட ரேஷனிலேயே புகையிலையைச் சேர்த்தது. 1888-ல் கடை வாசலில் அட்டை கேட்ட பையன்களின் பிள்ளைகளுக்கு அப்போது சிப்பாய் வயது.

"நம்ம ஆளுங்க இல்லியா இதுல?" என்று மாமா கேட்டதால் பிரிட்டிஷ் கம்பெனி அட்டைகளைத் தேடினேன். வில்ஸ் கம்பெனி 'சிசர்ஸ்' சிகரெட்டோடு 1912-ல் இந்திய ரெஜிமென்ட்கள் என்று ஒரு வரிசை வெளியிட்டிருக்கிறது, ஐம்பது அட்டை. நம் பெட்டிக்கடைகளில் கத்திரி மார்க் என்று சொல்வார்களே, அதே சிகரெட். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலைப்பாகையின் கட்டை வைத்தே எந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதிலும் பெயர் இல்லை.

இரண்டு வருடத்தில் அந்த ரெஜிமென்ட்களில் பல பிரான்ஸில் சேற்றுக்குள் நின்றன. 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரில் எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரு பித்தளை டப்பா போயிற்று. பிரிட்டிஷ் சிப்பாய்க்குள்ள டப்பாவில் புகையிலையும் இருபது சிகரெட்டும் ஒரு வாழ்த்து அட்டையும். புகைக்காத சீக்கியர்களுக்குக் கற்கண்டும் மசாலாப் பெட்டியும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

வில்ஸ் 1915-ல் வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்காக ஐம்பது அட்டைகள் தயாரித்தது. நெப்போலியன் தோற்ற கதை, நல்ல வண்ணம், விற்றுத் தீர்த்திருக்கும். ஆனால் இந்தத் தடவை பிரெஞ்சுக்காரர்கள் கூட்டாளிகள், பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தார்கள். அட்டைகளை வெளியே விடவேயில்லை. தப்பித்து வந்த சில செட்டுகளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை.